நிமிடத்துக்கு 5 லிட்டர்

இந்த நாட்டுக்கு வந்து ஏழாவது வருடம்தான் சொந்தமாக ஒரு வீடு வாங்க முடிந்தது, அதுவும் கரண்ட் கம்பி வந்து சேராத ஒரு மேட்டில். கம்பி இழுக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்த அன்றைக்கே அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். கூரையில் சோலார் பேனல், உள்ளே 24 வோல்ட் பேட்டரி, பின்பக்கம் ஒரு போர்வெல். போருக்குள் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், அதை ஓட்டுவதற்கென்றே ஒரு ஜெனரேட்டர். முதல் குளிர்காலத்தின் நட்டநடுவில், வெளியே மைனஸ் 20 இருக்கும்போது, ஜெனரேட்டர் செத்துப்போனது.

1 எச்.பி. என்றால் 746 வாட்தானே, வீட்டு இன்வெர்ட்டர் 3000 வாட்டாச்சே, தாராளமாக இழுக்கும் என்று வயரை அதில் மாட்டி சுவிட்சைப் போட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம். மொத்த வீடும் இருண்டது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதே கதை. ஏசியில், அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில், ஓடும் சாதாரண மோட்டார் ஓடும்போது வாங்குகிற கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை கிளம்பும் நொடியில் வாங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளைகளை இருட்டில் அழவிட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் இரண்டு வாரம் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து 20 லிட்டர் கேன்களில் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளின் பனிச்சறுக்கு வண்டியில் கட்டி இழுத்து வந்தோம். சுற்றிலும் இடுப்பளவு பனி கிடக்கிறதே, அதை உருக்கினால் என்ன என்று கேட்கலாம். நாங்களும் உருக்கினோம். புதுப் பனி ஒரு அண்டா நிறைய அள்ளி அடுப்பில் வைத்தால் அடியில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கேன் சுமந்ததில் ஒரு லாபம் உண்டு. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது முதுகுக்குத் தெரிந்துவிட்டது. சிக்கனமாக 160 லிட்டர். குளியல், துணி எல்லாம் சேர்த்து மனம்போலச் செலவு செய்தால் 400 வைத்துக்கொள்ளலாம்.

ஃபோனில் மச்சான் ஒரே பிடியாக நின்றார். "ரெண்டு எச்.பி.யா வாங்கிப் போடுங்க மாமா, குழாயைத் திறந்தா பீச்சியடிக்கணும்." எனக்கும் மனசுக்குள் அதே ஆசைதான். தண்ணீர் என்றால் மோட்டாரைப் போட்டதும் பத்து நிமிடத்தில் தொட்டி நிறைய வேண்டும் என்றே பழகியிருந்தோம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு மாதிரி. முப்பது வருடமாக இதே மேட்டில் கம்பியில்லாமல் இருப்பவர். எத்தனை எச்.பி. போடலாம் என்று நான் தட்டுத்தடுமாறிக் கேட்டபோது பதிலே சொல்லாமல், குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டார். தண்ணீர் எங்கே நிற்கிறது? எங்கே போக வேண்டும்? எனக்கு மொழி புரியவில்லை என்று அப்படிக் கேட்கிறாரோ என்று முதலில் கொஞ்சம் சுருக்கென்றது. மொழி புரிந்தது, பதில்தான் என்னிடம் இல்லை.

மறுநாள் ஒரு நூல்கண்டின் முனையில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி போருக்குள் இறக்கினேன். கையுறை போட்டால் நூலின் இழுவை தெரியாது, கழற்றினால் விரல் மரத்துப்போகும். கழற்றித்தான் இறக்கினேன். கேசிங்கில், அதாவது போருக்குள் சுவராக நிற்கும் குழாயில், அங்கங்கே உரசி 'டிங் டிங்' என்று போய்க்கொண்டிருந்த நட்டு ஒரு இடத்தில் 'டொப்' என்றது, நூல் லேசாகத் தளர்ந்தது. அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு இழுத்து அளந்தால் 31 மீட்டர். போரின் மொத்த ஆழம் 62 மீட்டர். நிற்கிற மட்டம் கிடைத்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அது போதாது, ஓடும்போது எங்கே நிற்கும் என்று கேட்டார் பெரியவர். அதுவும் சரிதான். இறைக்க இறைக்க மட்டம் இறங்கும், பம்பு அந்த இறங்கிய மட்டத்திலிருந்துதான் தூக்க வேண்டும்.

அவருடைய ஜெனரேட்டரை இரவல் வாங்கி பழைய மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினோம். மட்டம் 38 மீட்டருக்கு இறங்கியிருந்தது. அங்கிருந்து ஒரு மீட்டர் ஏறிவர மூன்று நிமிடம். என் போரின் உள்விட்டம் 15 சென்டிமீட்டர், அதில் ஒரு மீட்டர் உயரத்தில் நிற்பது சுமார் 18 லிட்டர். ஆக நிமிடத்துக்கு 6 லிட்டர் ஊற்று. இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் மச்சானின் ரெண்டு எச்.பி.யை மனசிலிருந்து எடுத்துவிட்டேன். நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கிற பம்பைப் போட்டால், போருக்குள் தேங்கி நிற்பதை உறிஞ்சிவிட்டு பத்து நிமிடத்தில் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். காலி கிணற்றில் ஓடினால் பெரும்பாலான பம்புகள் கெடும். எனக்கு வேண்டியது நிமிடத்துக்கு 5 லிட்டர். மீதி வேலையைப் பெரிய தொட்டி பார்த்துக்கொள்ளும்.

இப்போது அவருடைய இரண்டாவது கேள்வி. வீட்டுக்குப் பின்னால் சரிவில், போர் வாயைவிட 6 மீட்டர் மேலே தொட்டி. 38ஐயும் 6ஐயும் கூட்டி, குழாயின் உராய்வுக்கு ஒன்று சேர்த்தால் 45 மீட்டர். ஒரு லிட்டரை ஒரு மீட்டர் தூக்க 9.81 ஜூல். நிமிடத்துக்கு 5 லிட்டரை 45 மீட்டர் தூக்க வெறும் 37 வாட். பம்பில் பாதிக்கு மேல் வீணாகும் என்று வைத்தாலும் 100 வாட்டுக்குள் அடங்கும். ஆயிரம் லிட்டர் ஏற்ற சுமார் 300 வாட்-மணி. இருண்ட வீட்டையும் 3000 வாட் இன்வெர்ட்டரையும் நினைத்துச் சிரிப்பு வந்தது. இன்னொரு விஷயம், இந்த 45 மீட்டரில் பம்பு தொங்கும் ஆழம் சேராது. பம்பை 48 மீட்டரில் தொங்கவிட்டாலும் அதற்கு மேலே நிற்கும் தண்ணீரே அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். நான் ஒரு வாரம் இதைத் தப்பாகக் கூட்டி, தேவையில்லாமல் பெரிய பம்புகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மேலே வைத்து உறிஞ்சும் பம்புக்கு இங்கே வேலையே இல்லை. காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளி ஏற்றுவது ஏட்டுக் கணக்கில் 10 மீட்டர், நடைமுறையில் ஏழு எட்டு. ஆகவே உள்ளே மூழ்குவதுதான், அதில் மூன்று வகை பார்த்தேன். ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் டயாஃப்ரம் பம்பு 12, 24 வோல்ட்டிலேயே ஓடும், விலையும் குறைவு, மெதுவாக ஆனால் நல்ல உயரத்துக்குத் தள்ளும். சில வருடத்துக்கு ஒருமுறை மேலே இழுத்து ரப்பரை மாற்ற வேண்டும். இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் சுழன்று தண்ணீரை வீசித் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் அதிகத் தண்ணீருக்கு நல்லது, ஆனால் அதன் வேகம் பாதியானால் தூக்கும் உயரம் கால்வாசியாகிவிடும். மேகம் மூடிய நாளில் அது சுற்றும், கரண்டும் தின்னும், மேலே ஒரு சொட்டு வராது. மூன்றாவது திருகு ரோட்டர், ரப்பர் உறைக்குள் புரிபோட்ட ஸ்டீல் தண்டு சுழலும் வகை. வேகம் குறைந்தால் தண்ணீர் குறையுமே தவிர ஏறாமல் நிற்காது. காலை 9 மணிக்குத் தூங்கி வழிகிற வெயில் உள்ள நாட்டில் இதைவிட வேறென்ன வேண்டும்? கிரண்ட்ஃபோஸின் எஸ்கியூஃப்ளெக்ஸ் போன்றவை டிசியில், அதாவது பேனலும் பேட்டரியும் தரும் நேர்மின்சாரத்தில், 30 முதல் 300 வோல்ட் வரைக்கும், ஏசியில் 90 முதல் 240 வரைக்கும் எது கொடுத்தாலும் ஓடும், வெயிலே இல்லாத வாரத்தில் ஜெனரேட்டரில் மாட்டிவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது. கையிருப்பைப் பார்த்துவிட்டு 48 வோல்ட்டில் ஓடும் சிறிய திருகு ரோட்டர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் 24 வோல்ட் பேட்டரி இருக்க ஏன் 48 என்று மனைவி கேட்டாள். போருக்குள் 50 மீட்டர், அங்கிருந்து பேனலுக்கு 20, ஆக 70 மீட்டர் வயர். போக வர 140. நாலு சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் 0.6 ஓம் தடை. 120 வாட் பம்பு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும், வழியிலேயே 6 வோல்ட், அதாவது பாதி, வயரைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். 24இல் 3 வோல்ட் போகும். 48இல் ஒன்றரை வோல்ட், கணக்கிலேயே சேராது. தடிமனான வயர் வாங்குவதைவிட வோல்ட்டை ஏற்றுவது மலிவு. பேட்டரியையும் தொடாமல் இதற்கென்று இரண்டு பேனலைத் தனியாக மாட்டினேன். வெயில் இருந்தால் பம்பு ஓடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். 2000 லிட்டர் தொட்டி ஐந்து நாள் தாங்கும். வோல்ட் குறைவுதானே என்று ஏசி ஃபியூஸையும் சுவிட்சையும் மட்டும் மாட்டிவிடக் கூடாது. டிசியில் பொறி பிடித்தால் தானாக அணையாது, டிசிக்கென்று உள்ளதையே போட வேண்டும்.

இறக்கியது ஒரு சனிக்கிழமை, பனி உருகிய பிறகு. புல்வெளியில் குழாயை நீட்டிப் படுக்கவைத்து, வயரையும் கயிற்றையும் அதோடு சேர்த்து மூன்று மீட்டருக்கு ஒரு கட்டு. நான், மனைவி, பெரியவர். இறக்கும்போது தெரியாது, திரும்ப இழுக்கும்போதுதான் தெரியும்: குழாய்க்குள் நிற்கும் தண்ணீரே 25 கிலோ. ஏன் இழுத்தோம் என்கிறீர்களா? தண்ணீர் குறைந்தால் பம்பை நிறுத்தும் சென்சாரை மாட்டாமலே இறக்கிவிட்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கையுறையை மறுபடி போட்டுக்கொண்டார். போரிலிருந்து குழாய் வெளியேறும் இடம் தரைக்கு மேலே அல்ல, கேசிங்கின் பக்கவாட்டில், நிலம் உறையும் ஆழத்துக்கும் கீழே. தொட்டியும் புதைத்ததுதான். வெளியே தெரிவது ஒரு மூடி மட்டும்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு கோளாறு வந்தது. மைனஸ் 25, வானம் கண்ணாடி மாதிரி, ஆனால் பம்பு ஓடவில்லை, பேனலுக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு. வெயில் போதவில்லை போலிருக்கிறது என்று பேனலில் இருந்த பனியைத் துடைத்தேன், இன்னும் மோசம். விஷயம் நேரெதிர். குளிர் ஏற ஏற பேனலின் வோல்ட் ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம். 25 டிகிரியில் 80 வோல்ட் காட்டும் என் ஜோடி பேனல் அன்றைக்கு 92. அந்த மலிவு கன்ட்ரோலர் தாங்குவது 90. வெயில் நாட்டில் வளர்ந்தவனுக்கு இது எங்கே தோன்றும்? நல்லவேளை, புகையாமல் நின்றுகொண்டது. கூடுதல் வோல்ட் தாங்குவதாக ஒன்று மாற்றியபின் தொல்லையில்லை.

தொட்டி வீட்டைவிட 8 மீட்டர்தான் உயரம், அது 0.8 பார் அழுத்தம், சமையலறைக்குப் போதும், ஷவருக்கு இழுவை. அதற்கு 24 வோல்ட் பிரஷர் பம்பு ஒன்று படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது, குளிக்கும்போது மட்டும் உறுமும்.

கீழே இருக்கிற பம்பு ஓடுவது காதில் விழாது. தொட்டி மூடியைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. போன வாரம் மச்சான் வீடியோவில் காட்டச் சொன்னார். மூடியைத் திறந்து, சுண்டுவிரல் தடிமனுக்கு வந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இவ்வளவுதானா மாமா?"

"இவ்வளவுதான். காலையில இருந்து வருது."

ஃபோனைக் கொஞ்சம் இறக்கித் தொட்டிக்குள் காட்டினேன். ஃப்ளோட் ஏற்கெனவே மேலே ஏறிவிட்டது.