எட்டு விக்கெட்

2010 ஜூலை 9, வெள்ளி

காலி டெஸ்டோடு முரளி விலகுகிறாராம். சந்திக் கடைப் பேப்பரில் இருந்தது. இதுவரை 792 விக்கெட். எண்ணூறுக்கு இன்னும் எட்டு. இந்தியாவோடு நடக்கும் மூன்று டெஸ்ட் தொடரில் முதலாவதை மட்டும் விளையாடுவாராம்.

தம்பியைப் பற்றிய கடிதம் இன்றும் இல்லை.

ஜூலை 11

சோளகக் காற்று இரவெல்லாம் தறப்பாளை அடிக்கிறது. தூக்கம் இல்லை. எட்டு. எட்டு. எட்டு.

ஜூலை 13

பக்கத்துக் காணி மாமாவோடு வாக்குவாதம். "அந்தச் சட்டையில் இருப்பது சிங்கம், பிள்ளை. அவன் யாருக்காகப் பந்து போடுகிறான்?" என்றார். பதில் சொல்ல வரவில்லை. மாமாவின் பிள்ளைகள் இருவர் இப்போது இல்லை. அவரோடு எப்படி வாதாடுவது?

ஆனால் 1995 டிசம்பரில் மெல்பேர்னில் முரளி கையை மடக்கி எறிகிறார் என்று நடுவர் ஏழு தடவை கையை நீட்டி 'நோ போல்' என்றபோது தம்பிக்கு ஒன்பது வயது. செய்தி கேட்டு அழுதான். அதன் பிறகு ஒரு மாதம் கோயில் வளவில் முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டுதான் பந்து போட்டான். முரளிக்குப் பிறவியிலேயே நிமிராத கை. இவனுக்கு நல்ல கை. வேண்டுமென்றே மடக்கினான். அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்த வேண்டியிருந்தது.

முரளி கண்டியில் பிஸ்கட் ஆலை வைத்திருந்தவரின் மகன். அக்கராயனில் ஒரு பொடியன் தனக்காகக் கையை மடக்கியது அவருக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 15

1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரேடியோவோடு பொருத்தி, அப்பா பெடலைக் கையால் சுற்றினார். கை ஓய்ந்தால், துடுப்பெடுத்தாடும் அரவிந்தவின் குரல்வளையை நெரித்ததுபோல் வர்ணனை இழுபட்டு இறங்கும். தம்பி உடனே பெடலைப் பிடுங்குவான். தான் சுற்றாவிட்டால் லாகூரில் ஆட்டமே நின்றுவிடும் என்று நம்பினான்.

இன்று நானும் அப்படித்தான் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 18, ஞாயிறு

இலங்கை துடுப்பெடுத்தாடுகிறது. 256க்கு 2. முரளிக்கு வேலை இல்லை.

ஜூலை 19

காலியில் மழை. ஒரு பந்துகூட வீசவில்லை. இங்கே வெயிலில் கிணற்று வாளி சுடுகிறது.

ஜூலை 20

சச்சின் எட்டு ஓட்டத்தில் எல்.பி.டபிள்யூ. 793.

ஜூலை 21

முதல் இன்னிங்ஸில் ஐந்து, 63 ஓட்டங்களுக்கு. இரண்டாவதில் யுவராஜ். வர்ணனை சிங்களத்தில். எண்கள் மட்டும் விளங்கும். முகாமில் சாப்பாட்டு வரிசையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய எண்கள். "ஹத்சிய அனூ அட்ட." 798. என் கூடார இலக்கத்துக்கு இத்தனை சந்தோஷமாக நான் எழுந்ததில்லை.

ஒன்று மட்டும் பொறுக்க முடியவில்லை. தான் எப்போது முடிப்பேன் என்று ஒரு மனிதன் தானே நாள் குறிக்கிறான். அது எப்படி ஒரு வாழ்க்கை!

ஜூலை 22

ஹர்பஜன் போனார். 799. அதன் பிறகு ஒன்றும் இல்லை. லக்ஷ்மண் ரன் அவுட். அம்மா கை தட்டினார். "தட்டாதீர்கள் அம்மா! இனி ஒரே ஒரு விக்கெட்தான் மிச்சம்!" என்று கத்திவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

கடைசிச் சோடி இஷாந்தும் ஓஜாவும். அசையவில்லை. ஒரு முனையில் முரளி, மறுமுனையில் மலிங்க வந்தாலோ நெஞ்சு இடிக்கிறது. மலிங்க நன்றாக வீசக் கூடாது என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன். என் நாட்டு அணி என்று சொல்வதா இல்லையா என்று தெரியாத அணி வெல்லப் போகிறது. நான் அதன் பந்துவீச்சாளர் தவறவேண்டும் என்று வேண்டுகிறேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. இறக்கவில்லை. இருந்த இடத்தை விட்டு அசைந்தால் போய்விடும்.

ஓஜா. ஸ்லிப்பில் மஹேல. எண்ணூறு.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை. யாரும் வரவில்லை.

ஜூலை 23

மாமா வேலியடியில் நின்று "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்.

ஜூலை 26

கடிதம். வயது சரி. ஊர் சரி. பெயரில் ஓர் எழுத்து பிழை. அம்மா நூறு தரம் தடவிப் பார்த்துவிட்டார். எழுத்துப் பிழை எல்லோருக்கும் வருவதுதான் என்கிறார்.

மாமா பேப்பர் கொண்டுவந்து தந்தார், முரளியைத் தோளில் தூக்கிய படம். வெட்டி அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன். உள்ளே கொண்டுபோக விடுவார்களோ தெரியாது.

நாளை வவுனியா. முதல் பஸ்