வேஷம் கட்டிய டூயல்ஷாக்

4 மே 2024, சனி

எனக்குக் கை பெரிசு. நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியோடு வரும் குட்டிக் கன்ட்ரோலரான ஜாய்-கானைப் பிடித்து ஒரு மணி நேரம் ஆடினால் விரல்கள் நண்டுக்கால் மாதிரி மடங்கிக்கொள்கின்றன. அதே கம்பெனியின் பெரிய கன்ட்ரோலரான ப்ரோ கன்ட்ரோலர் அமெரிக்காவில் 70 டாலர். நின்டெண்டோ இந்தியாவில் ஸ்விட்சை நேரடியாக விற்பதில்லை என்பதால், இங்கே அதன் விலை இறக்குமதி செய்கிறவரின் மனசைப் பொறுத்தது.

அண்ணனிடம் இருப்பது எதிராளிக் கம்பெனி சோனியின் பிளேஸ்டேஷன் 4. அதற்கு இரண்டு கன்ட்ரோலர். இரண்டாவது டூயல்ஷாக் 4, டிராயரில் தூங்குகிறது. அதிலும் திருப்புவதை உணரும் ஜைரோ உண்டு, அசைப்பதை உணரும் ஆக்சலரோமீட்டர் உண்டு, 2013-இல் வந்த நாளிலிருந்தே. அப்புறம் என்ன? ரிச்சி தெருவுக்குப் போய்க் வேறு கன்ட்ரோலரை ஸ்விட்சில் சேர்க்க, கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கி வந்தேன். “பட்டன் எல்லாம் வேலை செய்யும் மேடம். ஆட்டுறது அசைக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை” என்றார் கடைக்காரர். நேர்மையான மனிதர்.

5 மே, ஞாயிறு

ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கில் அடாப்டரைச் செருகினேன். டூயல்ஷாக்கில் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விளக்கு படபடவென்று மின்னும், மின்னியது. அடாப்டரோடு சேர்ந்தும் விட்டது. ஸ்விட்ச் மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. நாற்பது நிமிஷம் போயிற்று. லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகன் (பதினோரு வயசு) எட்டிப் பார்த்து, “சித்தி, செட்டிங்ஸ்ல ப்ரோ கன்ட்ரோலர் வயர்ல வேலை செய்யணும்னு ஒண்ணு இருக்கும், அது ஆன்ல இருக்கா?” என்றான். இல்லை. ஆன் செய்ததும் உயிர் வந்தது.

ஸ்விட்ச் தனக்கென்று செய்த கன்ட்ரோலரோடுதான் பேசும். அதனால் இந்த அடாப்டர் நடுவில் உட்கார்ந்து புரோக்கர் வேலை பார்க்கிறது: டூயல்ஷாக் சொல்வதைப் புளூடூத்தில் கேட்டு, யூஎஸ்பி வழியாக ‘நான்தான் ப்ரோ கன்ட்ரோலர்’ என்று ஸ்விட்சிடம் வேஷம் போடுகிறது. பட்டனுக்கு இது சுலபம். அசைவுக்கு அப்படி இல்லை. எந்தப் பக்கம் திரும்பினால் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ், ஒரு டிகிரிக்கு எவ்வளவு எண் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அத்தனையையும் பெயர்த்துச் சொல்லியாக வேண்டும், அதுவும் உடனுக்குடன்.

பிரெத் ஆஃப் தி வைல்ட் என்ற ஸ்விட்ச் ஆட்டத்தைப் போட்டு, ஆர்2 பட்டனை அழுத்தி வில்லின் நாணை இழுத்தேன். கன்ட்ரோலரை மெதுவாக உயர்த்த, குறியும் மரத்தோடு மேலேறி ஆப்பிளில் போய் நின்றது. எதிராளி வீட்டுக் கையால் எய்த முதல் அம்பு! ஆப்பிளில் படவில்லை, அது வேறு விஷயம்.

7 மே, செவ்வாய்

அசைவு பழகிவிட்டது, எக்ஸ் பட்டன் பழகவில்லை. பிளேஸ்டேஷனில் அந்தக் குறி கீழே, எக்ஸ்பாக்ஸில் இடப்பக்கம், நின்டெண்டோவில் மேலே. திரையில் ‘எக்ஸ்’ என்று வந்தால் நான் டூயல்ஷாக்கில் மேலே இருக்கும் முக்கோணத்தை அழுத்த வேண்டும். விரலோ கீழேதான் போகிறது. இன்று இதனால் மட்டும் ஆறு தடவை செத்தேன்.

இன்னொன்று, ஆர்2-வில் பாதி அழுத்துவது, முழுசாக அழுத்துவது என்ற பேதமே இங்கே இல்லை. ப்ரோ கன்ட்ரோலரின் அந்தப் பட்டனுக்கு ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டு மட்டும்தான் தெரியும். வேஷத்தில் இல்லாதது வேஷக்காரனுக்கும் கிடையாது.

9 மே, வியாழன்

பிரெத் ஆஃப் தி வைல்டில் வரும் ஹடேனோ கிராமத்துப் புதிர்க் கோயில், மயாம் அகானா. ஆடியவர்களுக்குப் பெயரைக் கேட்டாலே கை வலிக்கும். கன்ட்ரோலரைச் சாய்த்தால் திரையில் ஒரு சுவர்ப்புதிர்ப் பலகை சாயும். அதில் உருளும் பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோய் வெளியே துள்ள வைத்து, எதிரில் இருக்கும் சரிவில் விழச் செய்ய வேண்டும். பட்டனால் ஆகாது, சாய்த்தே தீர வேண்டும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை அரிசி புடைப்பது மாதிரி ஆட்டினேன். மூன்றாவது வளைவில் விழுந்தது. மறுபடி. கடைசி வளைவு வரை வந்து விழுந்தது. பத்து தடவைக்கு மேல் எண்ணவில்லை.

பையன் கன்ட்ரோலரை வாங்கினான். அப்படியே குப்புறத் திருப்பினான். கன்ட்ரோலரின் முகப்பில் இருக்கும் டச்பேட் அவன் மடியைப் பார்க்க, திரையில் பலகையும் கவிழ்ந்து அதன் அடிப்பக்கம் மேலே வந்தது. அங்கே சுவரே இல்லை, வழவழ தரை! புதிய பந்து அதில் விழுந்ததும் ஒரு சுண்டு. போய்ச் சேர்ந்தது. “எல்லாருக்கும் தெரியும் சித்தி” என்றான். எனக்குத் தெரியாது.

11 மே, சனி

அண்ணனின் நண்பர் ஒருவர் லேப்டாப்புக்கு வைத்திருக்கும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை எடுத்து வந்திருந்தார். அதையும் அடாப்டரில் சேர்த்தோம். ஆட்டத்தின் நாயகன் லிங்க் ஓடுகிறான், குதிக்கிறான், அதே கோயிலில் பலகை மட்டும் கல்லாக நிற்கிறது. நண்பர் ஸ்டீயரிங் மாதிரி முறுக்கிப் பார்த்தார். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோவே கிடையாது. அடாப்டர் எதைப் பெயர்த்துச் சொல்லும்?

பிறகுதான் வினை. எல்லாரும் கால்பந்து ஆட உட்கார்ந்தார்கள். இரண்டாவது டூயல்ஷாக் பிளேஸ்டேஷனில் சேரவில்லை. அண்ணன் பிஎஸ் பட்டனை அழுத்த அழுத்த, அது அடாப்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு எஜமானைத்தான் அது ஞாபகம் வைத்திருக்கும். கேபிளைச் செருகிப் பிஎஸ் பட்டனை அழுத்தியதும் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் கேபிளைத் தேடி எடுக்கவே கால் மணி நேரம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்.

12 மே, ஞாயிறு

பையனுக்கு இன்று சூப்பர் மரியோ பார்ட்டி ஆட ஆசை. மறுபடி ஷேர், பிஎஸ், மின்னல், சேர்க்கை. ஆட்டம் ஏற்கவில்லை. 2018-இல் வந்த இந்த ஆட்டம் ப்ரோ கன்ட்ரோலரையே சேர்த்துக்கொள்ளாது. ஆளுக்கொரு ஜாய்-கானைப் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும். அசலுக்கே இடமில்லாத இடத்தில் வேஷத்துக்கு ஏது இடம்? பழையபடி நண்டுக்கை. பையன் நாலு நட்சத்திரம் வித்தியாசத்தில் ஜெயித்தான்.

ராத்திரி டூயல்ஷாக்கைத் திருப்பி வைக்கப் போனேன். டிராயரில் யூஎஸ்பி கேபிளைச் சுருட்டி வைத்து, அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அண்ணன் கையெழுத்து: ‘எடுத்தால் இதைக் குத்தி வைக்கவும்.’