கறுப்பிக்கு வீடு தேடிய பாடு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் சுற்றுலா சீசன் நடக்கும்போது நாய்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. மே தொடங்கி செப்டம்பர் வரை ஹோட்டல்காரரும் வெள்ளைக்காரரும் மாறி மாறிப் போடுவார்கள். மாரி வந்து கடைகளைப் பூட்டினதும் அதே நாய்கள் எலும்பும் தோலுமாக ஊருக்குள் வரும். கறுப்பியும் அப்படி வந்தவள்தான். பிடித்து, மிருக வைத்தியரிடம் காட்டி, விசர்நாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை எல்லாம் முடித்தேன். அதெல்லாம் லேசு. வீடு தேடியதுதான் பாடு.

பெட்டை நாய் என்றதும் பாதிப்பேர் போனை வைத்துவிடுவார்கள், குட்டி போடுமாம். கருத்தடை செய்தாயிற்று என்றால் அடுத்த கேள்வி, "நல்லாக் குரைக்குமோ?" காவலுக்கு நாய் கேட்கிறவருக்கு, ஆள் வந்தால் கட்டிலுக்குக் கீழே ஓடுகிறதை எப்படிக் கொடுப்பது? அதனால் முகநூலில் உள்ளதை உள்ளபடி போட்டேன்: ஆளைக் கண்டால் ஒளியும், தொட விடாது, பழக மாதக்கணக்கில் ஆகலாம். இப்படி எழுதினால் யார் எடுப்பார்கள் என்று சிநேகிதி ஏசினாள்.

நாய் என்றால் உயிர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் சரிவரவில்லை. வந்ததும் தூக்கவேண்டும், படம் எடுக்கவேண்டும். உவர்மலையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, நல்ல சனம்தான், பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே குனிந்து "வா வா" என்று கூப்பிட, கறுப்பி கொட்டாவி விட்டு மூக்கை நக்கிக்கொண்டே இருந்தாள். நித்திரை வருகிறதாக்கும் என்று சிரித்தார்கள். அது நித்திரை இல்லை, பயம். தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அதற்கு மேல் கிட்டப் போகக்கூடாது. இன்னொருவரின் வீடு கோவில் மதிலோடு ஒட்டினது. திருவிழா வெடியை நினைத்து நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில் வந்தவர் சாம்பல்தீவுப் பக்கம் இருக்கிற, ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். அவர் நாயைப் பார்க்கவே இல்லை. விறாந்தையில் ஒருபக்கமாகத் திரும்பி இருந்து, என்னோடு ஊர்க்கதை கதைத்தபடியே, கொண்டுவந்த அவித்த சூடை மீனை முள் எடுத்து நிலத்தில் வைத்தார். கை நீட்டவும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. "அது வாற நேரம் வரட்டும் பிள்ளை, எனக்கென்ன அவசரம்?" கறுப்பி அவர் போனபிறகுதான் வந்து மீனைத் தின்றாள். அடுத்த முறை அவர் இருக்கும்போதே தின்றாள். அவரிடம் சாதுவான ஒரு கிழட்டுக் கடுவன் நாயும் இருந்தது. பயந்த நாய் மனிதரை நம்புகிறதைவிட இன்னொரு நாயைச் சீக்கிரம் நம்பும், அது பழகுவதைப் பார்த்துத் தானும் பழகும்.

கொடுப்பதற்கு முன் போய் மதில் உயரம், கேற்றின் அடிப்பக்க இடைவெளி எல்லாம் பார்த்தேன். கழுத்துப்பட்டியை மட்டும் நம்பவேண்டாம், பயந்த நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும், ஓடினால் கூப்பிட்டும் வராது. நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்கிக் கொடுத்தேன். கூண்டோடு ஓட்டோவில் ஏற்றும்போது அவள் படுத்த சாக்கைக் கழுவாமல் கூடவே அனுப்பினேன், பழகின மணம் இருக்கட்டும் என்று. முதல் கிழமைகளில் ஒரே அறை, விருந்தாளிகள் வேண்டாம், குளிக்க வார்க்கவும் வேண்டாம். சரிவராவிட்டால் என்னிடமே திருப்பித் தரவேண்டும், சந்தையடியில் விடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். ரீச்சரிடம் இதெல்லாம் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது கடுவனுக்குப் பின்னால் கேற் வரைக்கும் வருகிறாளாம். தொட மட்டும் இன்னும் விடுவதில்லை. கஷ்டமென்றால் திருப்பி எடுக்கவா என்று கேட்டேன். "உனக்கென்ன விசரே பிள்ளை?" என்று ஏசிவிட்டு, அடுத்த தடுப்பூசி எப்போது என்று அட்டையைப் பார்க்கச் சொல்லி, தேதியைக் கலண்டரில் குறித்துக்கொண்டார்.