செல்போன் உறைக்குள் இருந்த சீட்டு

கல்லூரியில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் வருடம் நான் செய்த தவறு ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவள் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒன்றரை மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றாள். நான்கு முறை உட்கார்ந்து பேசினோம். என்னால் காது கொடுத்துக் கேட்க முடியும், பரீட்சை பயத்துக்கும் விடுதிச் சண்டைக்கும் வழி சொல்ல முடியும். மருந்து எழுத முடியாது. மனநல மருத்துவரிடம் போக வேண்டிய பெண் என்று தெரிந்ததும், நகரத்தில் இருக்கும் ஒரு டாக்டரின் பெயரையும் எண்ணையும் சீட்டில் எழுதி, "போய்ப் பாரும்மா" என்று கொடுத்தேன். பதிவேட்டில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று எழுதி மூடிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வராந்தாவில் எதிரே வந்தாள். இன்னும் இளைத்திருந்தாள். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டதும் செல்போன் உறையைக் கழற்றினாள். நாலாக மடித்த என் சீட்டு உள்ளே இருந்தது.

"கூப்பிட்டேன் மேடம். யாரு பேசுறது, என்ன பிரச்சனைன்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. வச்சுட்டேன்."

மடிப்பெல்லாம் நைந்து கிழியும் நிலையில் இருந்தது. எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பாளோ. அன்றைக்கே அவளை என் அறைக்கு அழைத்துப்போய், பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டு நானே பேசினேன். ஐந்து நிமிட வேலை. அதற்காக அந்தப் பெண் மூன்று வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

அப்புறம்தான் என் வேலை எது என்று புரிந்தது. எங்கள் கல்லூரி மாவட்டத் தலைநகரிலிருந்து 22 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் விடுதிப் பிள்ளைக்கு அந்தத் தூரம் பஸ்ஸில் தொடங்குவதில்லை, அவுட்பாஸில் தொடங்குகிறது. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மருத்துவமனை என்று எழுதினால் வார்டன் என்ன உடம்புக்கு என்பார். பின்னால் நிற்கிற நாலு பேர் காதிலும் அது விழும். கேட்டைத் தாண்டியதும் அப்பாவின் போனுக்குத் தானாகக் குறுஞ்செய்தி போய்விடும். ஒரு பையனின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். 'மருத்துவமனை' என்று செய்தி வந்ததும் மகனுக்கு விபத்து என்று நினைத்து, ஷிஃப்ட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். பையன் அதோடு டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டான். இப்போது என் அறையில் கையெழுத்தான அவுட்பாஸில் 'ஆலோசகர் அனுமதி' என்று மட்டும்தான் இருக்கும். வீட்டில் யாரிடம், எப்போது சொல்வது என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறோம். இதற்கு நிர்வாகத்தைச் சம்மதிக்கவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சிகிச்சை பற்றிய ரகசியம் நோயாளியின் உரிமை என்று 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து எத்தனை மேசைகளில் வைத்திருப்பேன் என்று கணக்கில்லை.

அதே சட்டப்படி 18 வயது முடியாதவர் மைனர். முதல் செமஸ்டரில் வருகிற பலருக்குப் பதினேழுதான். அவர்கள் விஷயத்தில் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளாமல் நகர முடியாது. அந்தப் போனை நான் ரொம்ப நிதானமாகச் செய்வேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கீழ்ப்பாக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெயரை வசவாகக் கேட்டு வளர்ந்தவர்கள், அவர்களுடைய பெற்றோரும் அப்படித்தான். "உங்க பையனுக்குத் தூக்கம் வரலைங்க, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கணும்" என்று தொடங்கினால் கேட்டுக்கொள்கிறார்கள். அது உண்மையும்கூட.

யாரிடம் அனுப்புவது என்பதும் லேசான விஷயமில்லை. மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் மருந்து தருவார், பின்னவர் பேசி சிகிச்சை தருவார். பல பிள்ளைகளுக்கு இரண்டும் தேவை. தனியாரிடம் ஒரு தடவை போய்வந்தாலே சிலருக்கு ஒரு மாதக் கைச்செலவு தீர்ந்துவிடும். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டும் இலவசம், மருந்தும் இலவசம். ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், அட்டெண்டன்ஸ் போகும். துறைத்தலைவரிடம் காரணம் சொல்லாமல் 'ஆன் டியூட்டி' அனுமதி வாங்கித் தருவதும் என் வேலையாகிவிட்டது.

முதல் சந்திப்பைவிட இரண்டாவதுதான் எனக்குக் கவலை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் தூக்கக் கலக்கம், வயிற்றுப் புரட்டல் வந்துவிடும். பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பத்தாம் நாள் நானாகவே கூப்பிடுவேன். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரைக்கு வருவேன்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகரை வைத்திருக்க வேண்டும், சிறிய நிறுவனங்கள் வெளியே இருக்கும் மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. எனக்கு மனசு நிறைந்தது. கூடவே, அந்தத் தொடர்பும் எங்காவது ஒரு சீட்டில் எழுதிய எண்ணாக முடிந்துவிடக் கூடாதே என்ற பயமும் வந்தது. எண்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ விடுதிக் குளியலறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று படிக்க யாருக்கும் மனசு வராது. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படிக்கலாம்.

என் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை டாக்டர் இருப்பார், தமிழில் பொறுமையாகப் பேசுகிற உளவியலாளர் யார், கட்டணம் எவ்வளவு, எந்த பஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன். யார் போய்வந்தாலும் பார்த்ததைச் சொல்வார்கள், திருத்திக்கொள்வேன். அந்தச் சீட்டுப் பெண் இறுதியாண்டு முடித்துக் கிளம்புகிற அன்று நோட்டைக் கேட்டு வாங்கினாள். அரசு மருத்துவமனைப் பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனாள்: "மெயின் கேட்ல போனா எல்லாரும் பார்ப்பாங்க. சைக்கிள் ஸ்டாண்ட் பக்கமா ஒரு வழி இருக்கு. மருந்து ஜன்னல்ல இருக்கிற அக்காகிட்ட கேட்டா ரூம் காட்டுவாங்க. என்ன பிரச்சனைன்னு கேக்க மாட்டாங்க."