40 டாலர் ஜாக்கெட்டும் ஒரு கிளாஸ் சி டிக்கெட்டும்

நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் கவுண்டர் அது. தள்ளுவண்டியின் அடித்தட்டில் மகளுக்காக எடுத்த ஜாக்கெட் கிடந்ததைக் கவனிக்காமல் வெளியே வந்துவிட்டேன். விலை சுமார் 40 டாலர். வாசலில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு டிக்கெட்டை, அதாவது குற்றச்சாட்டுச் சீட்டை, நீட்டினார். அதில் "திருட்டு, கிளாஸ் சி மிஸ்டிமீனர்" என்று இருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

டெக்சாஸில் ஃபெலனி எனப்படும் பெரிய குற்றங்களுக்குக் கீழே வருகிற சிறிய குற்றங்கள்தான் மிஸ்டிமீனர். அதிலே மூன்று படி. கிளாஸ் சி என்றால் 500 டாலர் வரை அபராதம், ஜெயில் கிடையாது. கிளாஸ் பி என்றால் 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். கிளாஸ் ஏ ஓராண்டு வரை, 4,000 டாலர் வரை. திருட்டில் எந்தப் படி என்பதைப் பெரும்பாலும் பொருளின் விலைதான் தீர்மானிக்கிறது: 100 டாலருக்குக் குறைந்தால் சி, 750க்குக் குறைந்தால் பி, 2,500க்குக் குறைந்தால் ஏ, அதற்கு மேல் ஃபெலனி.

நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "வேகமாக ஓட்டினால் வருகிற டிக்கெட்டும் கிளாஸ் சிதானே, கட்டிவிட்டு வேலையைப் பார்." நானும் கார்டை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கட்டுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசினேன்.

அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அபராதத்தைக் கட்டினாலே வழக்கை எதிர்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், அத்தோடு தண்டனை பதிவாகும். வேக டிக்கெட்டில் அது பெரிய விஷயமில்லை. திருட்டோ குடியேற்றச் சட்டத்தில் ஒழுக்கக்கேடான குற்றங்களில் சேரும். எச்-1பி வேலை விசாவில் இருக்கிற எனக்கு 500 டாலரைவிட அதுதான் பெரிது. இந்த நாட்டுக்குள் வந்த ஐந்தாண்டுக்குள் செய்த அப்படிப்பட்ட ஒரு குற்றத்துக்கு ஓராண்டு தண்டனை விதிக்க முடியும் என்றால் நாடுகடத்தவே வழி உண்டு. கிளாஸ் ஏ சரியாக அந்த வரம்பில் போய் நிற்கிறது. சி அந்த அளவுக்கு வராது, ஆனால் இன்னொரு முறை ஏதாவது நடந்தால் முதலாவதும் கணக்கில் ஏறும்.

இன்னொன்று எனக்குத் தெரியவே தெரியாது. நீதிபதி தண்டனையைத் தள்ளிவைத்து, 180 நாள் ஒழுங்காக இருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முதலில் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும் அல்லது எதிர்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். மாநிலத்தின் பார்வையில் தண்டனை இல்லை, குடியேற்றத் துறையின் பார்வையில் அது தண்டனையாகக் கொள்ளப்படலாம்! இந்த ஒரு இடத்தில்தான் நம்மவர்கள் பலர் மாட்டுகிறார்கள் என்றார் வக்கீல். கிளாஸ் சியில் ஜெயில் இல்லாததால் அரசு செலவில் வக்கீலும் கிடைக்காது. சொல்லித்தர ஆளில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

குற்றத்தை மறுத்து மனு போட்டோம். கிளாஸ் சிக்குக்கூட ஜூரி விசாரணை கேட்கும் உரிமை டெக்சாஸில் உண்டு, அதையும் கேட்டோம். அப்புறம் அரசு வக்கீலோடு பேச்சு. கடையின் வீடியோவில் மற்ற பொருள்களை எல்லாம் வரிசையாக ஸ்கேன் செய்வது தெரிந்தது. திருட்டு தொடர்பான வகுப்பு ஒன்றை முடித்துக் காட்டினால், எந்த ஒப்புதலும் வாங்காமல் வழக்கைக் கைவிடுவதாக ஒத்துக்கொண்டார். நான்கு மாதத்தில் தள்ளுபடி உத்தரவு வந்தது.

பதிவையே அழிக்கும் மனுவும் போடலாம். அதற்கு முன்னால் தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் வக்கீல். அழித்த பிறகு கோர்ட்டிலேயே கோப்பு இருக்காது. விசா படிவமான டிஎஸ்-160 எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கத்தான் செய்யும், அதற்கு என்ன எழுதுவது என்பதையும் குடியேற்ற வக்கீலிடம் கேட்டே எழுத வேண்டும். மூன்று நகல் வாங்கினேன். ஒன்று பாஸ்போர்ட்டோடு இருக்கிறது.