பாஸ் அங்கே இருக்கிறதா?

வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியம் டபுள் பாஸ், சுருக்கமாகப் பாஸ். எனக்கு அந்த ஆசை வந்தபோது வயது 43. சின்ன வயதில் கும்பகோணத்தில் ஆறு வருடம் கர்நாடக வயலின் கற்றேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்து அதை நிறுத்திவிட்டது. இப்போது வீடு லண்டன் ஈஸ்ட் ஹாமில். மகளின் பள்ளி இசைக்குழுவில், கடைசி வரிசையில், ஒரு பையன் தன்னைவிட உயரமான வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நின்றான். அவன் வில்லை இழுத்ததும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்ந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வயலின் தெரிந்தவனுக்கு இதென்ன பெரிய விஷயம் என்ற நினைப்பில், பக்கத்துத் தெருவில் செல்லோ (பாஸைவிடச் சிறியது, உட்கார்ந்து வாசிப்பது) சொல்லிக்கொடுப்பவர் ஒருவரிடம் போனேன். “பாஸும் கிட்டத்தட்ட இதுதான்” என்றார். நானும் நம்பினேன். ஒரே மாதத்தில் இடது கட்டைவிரலின் அடியில் வலி பிடித்துக்கொண்டது. காரணம் பின்னால்தான் புரிந்தது. செல்லோவில் விரலுக்கு ஓர் அரைச்சுரம் என்று நான்கு விரலையும் விரிக்கலாம். பாஸில் கீழ் ஸ்தானங்களில், அதாவது விரற்பலகையின் தலைப்பக்கம் கை நிற்கும் இடங்களில், அப்படி விரித்தால் கை கெட்டுவிடும். சிமாண்டல் என்பவரின் பழைய பாடமுறைப்படி அங்கே ஒன்று, இரண்டு, நான்கு என்ற விரல்கள்தான். மோதிரவிரல் சுண்டுவிரலுக்கு முட்டுக்கொடுக்கும். ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை மொத்தமே ஒரு முழுச்சுரம், அதாவது இரண்டு அரைச்சுரம்.

சுருதி சேர்ப்பதும் வேறு. என் வயலினில் ச-ப-ச-ப. பாஸில் ஈ, ஏ, டி, ஜி என்ற மேற்கத்திய சுரங்கள். எந்தத் தந்தியை ச என்று வைத்துக்கொண்டாலும் அடுத்த தந்தி ம. பழைய விரல் பழக்கம் உதவுவதற்குப் பதில் குறுக்கே வந்து நின்றது.

சரி, பாஸ் மட்டுமே வாசிக்கும் ஆசிரியர் வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். வந்த பதில்களை ஒப்பிட்டபோதுதான் ஒன்று உறைத்தது. கட்டணம், நேரம், ஆசிரியரின் பட்டம் இவற்றையெல்லாம் கேட்டேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை: அங்கே பாஸ் இருக்கிறதா? வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போவது லேசில்லை. என் பாஸுக்குப் பெயர்தான் முக்கால் அளவு. பெரியவர்கள் வழக்கமாக வாசிப்பதே அதைத்தான். நிமிர்த்தினால் ஆறடி, எடை பத்துக் கிலோவைச் சுற்றி. எடையைக்கூடச் சமாளிக்கலாம், மாலை நேர ரயிலில் அந்த வயிற்றை எங்கே வைப்பது? ஒரு முறை முயன்றேன். அப்புறம் முயலவில்லை.

கடைசியில் வால்தம்ஸ்டோவில் ஓர் ஆசிரியை அமைந்தார். அவர் வீட்டில் இரண்டு பாஸ்கள். நான் வில்லை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போய்வருவேன். பயிற்சிக்கு வீட்டில் ஒரு வாடகை பாஸ். வில்லிலும் ஒரு சிக்கல் உண்டு: பிரெஞ்சு வில்லை வயலின் போல மேலிருந்து பிடிக்க வேண்டும், ஜெர்மன் வில்லை ரம்பம் பிடிப்பது போலப் பக்கவாட்டில். இரண்டையும் எல்லாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்காமல் வில் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், விற்றேன்.

சனிக்கிழமைக்கு ஈஸ்ட் லண்டன் லேட் ஸ்டார்ட்டர்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவை ஆசிரியைதான் சொன்னார். தந்தி வாத்தியங்களைப் பெரியவர்களான பிறகு தொடங்கியவர்களுக்காக 1980களில் உருவான குழு அது. நாற்பது வயதில் தாளம் தப்பினால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாஸ்காரர்கள் எங்கேயும் குறைவு என்பதால் எனக்குக் கிடைத்த வரவேற்பில் பாதி என் வாத்தியத்துக்கு.

வார இறுதிப் பட்டறை ஒன்றுக்கும் போனேன். பெயர் வேண்டாம். “தொடக்க நிலை” என்று போட்டிருந்தார்கள். போனால் பாதிப் பேர் கட்டைவிரலைத் தந்தி மேல் வைத்து உச்சஸ்தாயியில் வாசிக்கிறார்கள். முதல் நாள் முழுவதும் விரலே வைக்காமல் திறந்த தந்தியிலேயே ஒப்பேற்றினேன். பணம் கட்டுமுன் எந்தப் பாடத்தை வாசிக்கச் சொல்வார்கள் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் அங்கேதான் பாஸ் கலைஞர் பிரான்சுவா ரபாத்தின் கதையைக் கேட்டேன். 1931இல் அலெப்போவில் பிறந்தவர். பெய்ரூட்டில் ஒரு தையல்கடையில் கண்ணில் பட்ட பாடப்புத்தகத்தை வைத்துத் தானே பாஸ் கற்றார். அதை எழுதிய எடுவார் நன்னியிடம் கற்க வேண்டும் என்று பாரிஸ் போய்ச் சேர்ந்தால், நன்னி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ரபாத் பின்னாளில் விரற்பலகையை ஆறே ஸ்தானங்களாகப் பிரித்துத் தனி முறையே உருவாக்கினார். மதியத்தில் அந்த முறையைக் கொஞ்சம் காட்டினார்கள். கட்டைவிரலை நகர்த்தாமல் கையைச் சாய்த்தே அடுத்த சுரத்தைத் தொடலாம் என்று பார்த்தபோது, கட்டிய பணம் அந்த அரை மணிக்கே சரியாகிவிட்டது.

இப்போது பாஸ் வாசிப்புக்கான கிரேடு (படிநிலை) தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இந்த முறை உஷாராக, முதல் வேலையாகத் தேர்வு மையத்துக்குப் போன் போட்டு “பாஸ் அங்கே இருக்கிறதா?” என்றேன். இல்லையாம், நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். மச்சானிடம் வேன் கேட்டிருக்கிறேன். தேதியையும் நீளத்தையும் சொன்னேன், “உள்ளே என்ன, பிணமா?” என்கிறான்.