அம்மாயியின் இரண்டு மருந்துப் பைகள்

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. வீடு கேரளத்தில், படிப்பு கோயம்புத்தூரில், நர்சிங் நான்காம் வருடம். எங்கள் பக்கத்தில் ரேஷன் கேரளத்தில் வாங்குவோம், துணி எடுக்கப் பொள்ளாச்சி போவோம், உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டு பக்கமும் போவோம். இந்தக் கடைசி விஷயம்தான் பின்னால் பெரிதாக வந்து நின்றது.

நான்கு துறை மாணவர்களை ஒரு குழுவாக்கி, ஒரு முதியவரை இரண்டு மாதத்தில் நான்கு முறை வீடியோ காலில் பார்க்க வேண்டும் என்று போன வருடம் சொன்னார்கள். எங்கள் குழுவில் எம்.பி.பி.எஸ். படிக்கும் மதுரைப் பையன், மருந்தாளுநர் படிப்பான பார்ம்.டி. படிக்கும் திருச்சூர்ப் பெண், பிசியோதெரபி படிக்கும் ஈரோட்டுப் பையன், அப்புறம் நான். எங்களுக்குக் கிடைத்தவர் எங்கள் ஊர்ப் பக்கமே தோட்டத்து வீட்டில் இருக்கும் 78 வயதுப் பாட்டி. அம்மாவைப் பெற்றவரை அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம், இவரையும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் வீடியோ கால் மோசம். ஆளுக்கொரு கேள்வித்தாள் வைத்திருந்தோம். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க" என்பதை நாலு பேரும் நாலு விதமாகக் கேட்டோம். காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் கத்தினோம். வயதானவர்களுக்குக் கீச்சென்ற ஒலிதான் முதலில் கேட்காமல் போகும், அதனால் குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேச வேண்டும் என்று பாடத்தில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. இருபது நிமிடம் பொறுத்திருந்த அம்மாயி கடைசியில் கேட்டார்: "ஏங் கண்ணு, இதையே எத்தன தடவ கேப்பீங்க? ஒருத்தரு கேட்டு மத்தவங்களுக்குச் சொல்லிக்கிட்டா ஆகாதா?"

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியை வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தோம். பல துறையினர் கூடிப் படிப்பது என்றால் என்னவென்று அதில் இருக்கும்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்பது. அம்மாயி கேட்டதும் அதுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டாவது முறை கூப்பிடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் நாங்கள் மட்டும் பேசிக்கொண்டோம். ஒருவர்தான் பேசுவது, ஒருவர் முகத்தையும் உடம்பையும் கவனிப்பது, ஒருவர் வீட்டைக் கவனிப்பது, ஒருவர் குறிப்பெடுப்பது. மருந்து, மனநிலையும் ஞாபகமும், நடமாட்டம், இவற்றோடு அவருக்கு எது முக்கியம் என்பது, இந்த நான்கையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கடைசிக் கேள்வியைத் தமிழில் நேராகக் கேட்டால் பதில் கிடைக்காது, "பேரம்பேத்திக நல்லா இருந்தாப் போதுஞ் சாமி" என்று முடித்துவிடுவார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்டேன்: "அம்மாயி, கால் நல்லா இருந்தா முதல்ல எங்க போவீங்க?" முகமே மாறிவிட்டது. ஆழியாத்துத் தண்ணி வாய்க்காலில் வரும்போது மேட்டில் நின்று பார்க்கோணும், ரெண்டு வருஷமாப் போகல, விழுந்துருவமோன்னு பயமா இருக்குது என்றார். ஆழியாறு அணையிலிருந்து பாசனத்துக்கு வரும் அந்தத் தண்ணீர் எங்கள் பக்கத்து விவசாயிக்கு என்னவென்று மற்ற மூவருக்கும் நான் பிறகு விளக்கினேன்.

மூன்றாவது வீடியோ காலில் நடையைப் பார்த்தோம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். மருமகள் டேப் வைத்து அளந்து கோடு போட்டார், மகன் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடந்தார். பக்கத்தில் ஆள் இல்லாமல் வீடியோவில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அம்மாயிக்கு 19 நொடி ஆனது. நாங்கள் நொடியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஈரோட்டுப் பையன் மட்டும் போனைக் கொஞ்சம் கீழே காட்டச் சொன்னான். இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. மருமகள் விரலால் அழுத்தி எடுத்தபோது குழி விழுந்தது.

மதுரைப் பையன் இதயம், சிறுநீரகம் என்று யோசிக்க ஆரம்பித்தான், அதுவும் சரிதான். திருச்சூர்ப் பெண் மட்டும் மெதுவாக, "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லுங்க, எல்லாம்" என்றாள். இரண்டு பை வந்தது. ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் தனியார் மருத்துவமனையில் காட்டியபோது வாங்கியது. இன்னொன்று ஊர் அரசு சுகாதார மையத்தில் கொடுத்தது, கவரின் மேல் மலையாளத்தில் எழுதியிருந்தது. முதல் காலில் அம்மாயி காட்டியது ஒரு பையை மட்டும்தான், நாங்களும் "வேறே இருக்கா" என்று கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு அட்டையாகக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்லி வாசித்தாள். ஒன்றில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருந்தது, இன்னொன்றில் மருந்தின் சொந்தப் பெயர். இரண்டும் பிரஷருக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம். அம்மாயி இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். அந்த மருந்தால் கணுக்கால் வீங்கும், அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். எனக்கு அடிவயிறு கலங்கியது.

மாணவர்கள் எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லக்கூடாது. அன்றே எங்கள் பொறுப்பு டாக்டரிடம் சொன்னோம், அவர் மகனிடம் பேசி, இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு ஊர் மையத்து டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அங்கே அம்மாயியை நேரில் பரிசோதித்து, இரத்தமும் சிறுநீரும் பார்த்து, ஒன்றை நிறுத்தினார்கள். இரண்டு வாரம் பிரஷர் அளந்து எழுதி வைக்கும் வேலையை மருமகளுக்கு நான் போனில் சொல்லிக்கொடுத்தேன். ஈரோட்டுப் பையன் நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சி கொடுத்தான்.

இதில் யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நடையைப் பார்க்க வந்தவன் வீக்கத்தைப் பார்த்தான். அதைத் திருச்சூர்ப் பெண் காதில் வாங்கியதால் பை வெளியே வந்தது. முதல் கால் மாதிரி அவரவர் கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் நாலு நல்ல அறிக்கை எழுதி மார்க் வாங்கியிருப்போம், அம்மாயி இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

நான்காவது வீடியோ காலில் அதே நடைக்கு 15 நொடி. வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. வாய்க்காலில் அப்போது தண்ணீர் வரவில்லை, ஆனால் மகனோடு மேடு வரைக்கும் ஒருமுறை போய் வந்ததாகச் சொன்னார்.

இந்த வருடம் அடுத்த குழு அவரைப் பார்க்கிறது. அவர்களுக்கு எழுதிக் கொடுத்த தாளில் மாத்திரைப் பட்டியலுக்கு மேலேயே இதைப் போட்டேன்: காலையில் பதினொன்றுக்கு முன்னால் கூப்பிடாதீர்கள், மாட்டு வேலை இருக்கும். வலது காதில்தான் நன்றாகக் கேட்கும். தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.